நான்காவது நகல்

ஆரணியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் மே மாதம் ஆள் நடமாட்டமே இருக்காது. பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். விடுதிச் சமையல்காரர்கள்கூடப் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். பெரிய வேலைகளை எல்லாம் அந்த மாதத்துக்கென்று ஒத்திப்போடுவோம். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு மே மாதத்துக்கு அப்படித் தள்ளிவைத்திருந்த வேலை, எங்கள் டைரக்டரி சர்வர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது.

கணினித் துறைக்காரர்கள் டைரக்டரி என்று சொல்வது ஒரு பெயர்ப் பட்டியலைத்தான். கல்லூரியில் கணினியைத் தொடுகிற ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும். அவருடைய கடவுச்சொல், அவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யாருடைய மெயிலைப் பார்க்கலாம் என்ற அனுமதி எல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். எங்கள் நிர்வாகத்துக்கு ஆரணியில் பொறியியல் கல்லூரி, சேத்துப்பட்டில் பாலிடெக்னிக், வந்தவாசியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று மூன்று வளாகங்கள். மூன்றிலும் ஒவ்வொரு சர்வர். ஒவ்வொன்றிலும் முழுப் பட்டியலின் நகல். ஒன்றில் ஒரு பெயரைச் சேர்த்தால் கால்மணி நேரத்தில் மற்ற இரண்டும் எழுதிக்கொள்ளும். ஒன்றில் அழித்தால் மற்றவையும் அழித்துவிடும். இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பதிப்பை மாற்றுவதற்கு முன்னால், எல்லா நகல்களும் ஒரே நாளின் பட்டியலைத்தான் வைத்திருக்கின்றனவா, பின்தங்கிய நகல் எதுவும் இல்லையா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். பலரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சென்னையிலிருந்து எங்களுக்கு உதவிய பொறியாளரும் போனில் அதைத்தான் சொன்னார்.

"மேடம், அதெல்லாம் ஃபார்மாலிட்டி. நேரா ஸ்டார்ட் பண்ணிடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

எனக்கும் அப்படிச் செய்திருக்க ஆசைதான். அம்மாவுக்கு அந்த வாரம் கண் ஆபரேஷன். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மூன்று நாள் லீவு போடலாம் என்று இருந்தேன். ஆனாலும் ஒரு பழக்கத்தில் புதன்கிழமை காலை உட்கார்ந்து சோதனையை ஓட்டினேன். எந்த சர்வர் கடைசியாக எப்போது மற்றவற்றோடு பேசியது என்று வரிசையாகக் காட்டும் சோதனை அது.

திரையில் மூன்று வரி வந்திருக்க வேண்டும். நான்கு வந்தன.

முதல் மூன்று சர்வர்களும் அன்று காலை பேசியிருந்தன. நான்காவது, சேவூரில் இருந்த பழைய சர்வர். அது செத்துப்போனது என்றே நான் கணக்கு வைத்திருந்தேன். அதன் பெயர் பிழைக் குறிப்புகளில் அவ்வப்போது தலைகாட்டும். பழசு, யாரோ சரியாக நீக்காமல் விட்டது என்று தாண்டிப் போய்விடுவேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன். அதை இங்கே ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

செத்துப்போனதாக நான் நினைத்த அந்த சர்வர், போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பேசியிருந்தது.

சேவூரில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கல்லூரியின் புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால், விசைத்தறி ஓடும் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து அங்கே மாலை வகுப்பு நடத்தினார்கள். மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா வைத்து, கல்லூரியின் ஆன்டெனா கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி, அங்கேயும் ஒரு சர்வரை இணைத்திருந்தோம். ஒரு மழைக்காலத்தில் அடித்த காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டது, இணைப்பு அறுந்தது. அதற்குள் புதுக் கட்டடம் வந்துவிட்டதால் வகுப்பையும் இங்கே மாற்றிவிட்டோம். பழைய பெஞ்சுகளும் உடைந்த மானிட்டர்களும் அந்த மாடியிலேயே கிடந்தன. சர்வரையும் அவற்றோடு விட்டுவிட்டோம்.

ஆன்டெனா திரும்பிய ஒன்றரை மாதத்தில்தான் எங்கள் கணினிப் பிரிவிலிருந்து ஒருவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவன் எனக்கு மேல் பதவியில் இருந்தவன். நெட்வொர்க் முழுவதும் அவன் கையில் இருந்தது. அப்போது நான் அவனை சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். சத்தம் போட்டுப் பேச மாட்டான். எல்லோருக்கும் உதவி செய்வான். பிரின்சிபாலின் மகனுக்கு வீட்டுக்கே போய்க் கணினி பொருத்திக் கொடுத்தவன். ஒரு நாள் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து நின்றாள். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நான் எங்க அக்காவுக்கு மெயில் எழுதனேன். அதுல இருந்த வார்த்தைய சார் லேப்ல என் பின்னாடி நின்னு சொல்றாரு. அப்படியே சொல்றாரு."

நான் முதலில் நம்பவில்லை. அன்று சாயங்காலம் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களின் மெயில் பெட்டிகளை அவன் நாள் தவறாமல் திறந்திருந்தான். இவளுடையதை மட்டும் ஒரே நாளில் ஏழெட்டு முறை. எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரிச் செயலாளரிடம் கொடுத்தேன். ஒரே மதியத்தில் அவனை வெளியே அனுப்பினார்கள். போலீசுக்குப் போகவில்லை. அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நான்தான் அழித்தேன். மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா வந்து சர்டிஃபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்விட்டார். "இவ பேரு இங்க எங்கயும் இருக்கக் கூடாதும்மா" என்றார். அவள் பெயரையும் நானே அழித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது சேவூர் சர்வர் ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறது என்றதும் எனக்கு அவன் நினைப்புதான் வந்தது. பட்டியல் முழுவதையும் எடுத்து, அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட ஆரம்பித்தேன். மதியம் மூன்று மணிக்கு முடிந்தது. பதிவேட்டில் இல்லாத இரண்டு பெயர்கள் பட்டியலில் உயிரோடு இருந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்று அந்தப் பெண்ணுடையது.

அழித்த பெயர் எப்படித் திரும்பி வரும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெயரை அழித்ததும், "இது நீக்கப்பட்டது" என்ற குறிப்பை ஒவ்வொரு சர்வரும் இரண்டு மாதம் வைத்திருக்கும். அதற்குள் தொடர்புக்கு வரும் நகல்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தாங்களும் அழித்துக்கொள்ளும். இரண்டு மாதம் ஆனதும் அந்தக் குறிப்பையும் தூக்கிப் போட்டுவிடும். அதற்கு அப்புறம் ஒரு பழைய நகல் வந்து சேர்ந்தால், அதில் இருக்கும் செத்த பெயரைப் பார்த்து "இது செத்தது" என்று சொல்ல யாருக்கும் நினைவு இருக்காது. ஆனால் அது தானாகத் திரும்பி வராது. அந்தப் பழைய நகலில் யாராவது அந்தப் பெயரைத் தொட வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அல்லது வேறு ஏதாவது திருத்த வேண்டும். தொட்டதும் அது புதுப் பெயரைப் போல மற்ற எல்லா நகல்களுக்கும் பரவிவிடும்.

இது எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தேன். சேவூர் சர்வர் திரும்ப முதல்முறை பேசியது எட்டு மாதத்துக்கு முன்னால். அதாவது, நான் அவன் பெயரை அழித்த நாளிலிருந்து இரண்டு மாதத்தை அவன் கணக்குப் பார்த்துக் காத்திருக்கிறான். அதற்கு மேலும் சில மாதம் அவசரப்படாமல் இருந்திருக்கிறான். பிறகுதான் ஆன்டெனாவைத் திருப்பியிருக்கிறான். நிர்வாகிகள் குழுவில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே போட்டிருந்தால் நான் பார்த்திருப்பேன். மெயில் பெட்டிகளைத் திறக்கிற அனுமதியை மட்டும், எங்கோ ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் அட்மிஷன் விளம்பரத்தின் அச்சுப் படியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு பேரையும் டெலிட் பண்ணிட்டு ஜல்தியா அப்கிரேட முடிங்க. அட்மிஷன் ஆரம்பிக்கப் போவுது. இந்த நேரத்துல பேஜார் பண்ணாதீங்க."

"இங்க டெலிட் பண்ணா பத்தாது சார். அந்தப் பழைய நகல் இருக்கற வரைக்கும் திரும்ப வரும். இப்பவே அப்கிரேட் பண்ணா, அவன் பேரையும் சேத்து நாமளே புதுசுக்கு ஏத்தி விட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப அத போய் எடுத்துட்டு வாங்க. யாருக்கும் சொல்லிகினு இருக்காதீங்க."

சாயங்காலம் சென்னைப் பொறியாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். பின்தங்கிய நகல் ஒன்று இருப்பது தெரியவந்தது, நாளைக் காலை பதினோரு மணிக்கு சேவூர் போய் அதை எடுத்துவரப் போகிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்று எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த மெயிலை வேறு யார் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க அதையேதான் துருவிக்கொண்டிருந்தேன். இருந்தும் தோன்றவில்லை.

மறுநாள் டவுன் பஸ்ஸில் சேவூரில் இறங்கினேன். அந்த வீடு மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. கீழே நான்கு விசைத்தறிகள். தெரு முனையிலேயே சத்தம் காதை அடைக்கும். வாசலில் வீட்டுக்கார அம்மா நூல் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சென்டர் நடந்த காலத்தில் பழக்கம். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியதால் அவருடைய சாதாரணப் பேச்சே கத்துவது போல இருக்கும்.

"இன்னா மேடம், இவ்ளோ நாளு கழிச்சி! வாங்க, வாங்க!"

"மாடி ரூம் சாவி வேணும்க்கா!"

"சாவியா? உங்க சாருகிட்ட ஒண்ணு கீதே! நம்மகிட்டயும் ஒண்ணு கீது, இருங்க!"

"எந்த சாருக்கா?"

"அதான், கண்ணாடி போட்டுகினு, அமைதியா பேசுவாரே! ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துகினுதான கீறாரு! மெஷினு பாக்கணும்னு காலேஜ்ல அனுப்புறாங்கன்னு சொன்னாரு!"

தறி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா சிரித்த முகத்தோடு சாவியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அப்போதே அவரையும் மேலே கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றைக்கு வியாழன்தானே, ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரும்புப் படியில் தனியாக ஏறினேன்.

அறை முழுக்கத் தூசி. பெஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆனால் கதவிலிருந்து மூலை வரைக்கும் தரையில் ஒரு தடம் சுத்தமாக இருந்தது, அடிக்கடி யாரோ நடப்பது போல. மூலையில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் துண்டு. ஜன்னலை அட்டை வைத்து மறைத்திருந்தான். மேஜையில் பாதி தண்ணீர் இருந்த பாட்டில், ஒரு பிரின்டர், அதன் பக்கத்தில் எங்கள் கல்லூரி முத்திரை போட்ட பழைய கவர்கள் ஒரு கட்டு.

உட்கார்ந்து என் பெயரைத் தட்டினேன். கடவுச்சொல் தவறு என்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் நான் வைத்திருந்த பழைய கடவுச்சொல்லைத் தட்டினேன். திறந்துகொண்டது.

அப்போதுதான் அவன் செய்திருந்தது முழுதாகப் புரிந்தது. மற்றவற்றிலிருந்து வரும் செய்தி எதையும் வாங்கக் கூடாது என்று அந்த சர்வருக்குச் சொல்லி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து பேசவிடும்போது மட்டும் அது மற்ற மூன்றுக்கும் சொல்லும். அவை சொல்வதைக் கேட்காது. அதனால் அதற்குள் இன்னும் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய நாள்தான் நடந்துகொண்டிருந்தது. படிப்பை முடித்துப் போன பிள்ளைகள் எல்லாம் அங்கே இன்னும் மாணவர்கள். மாரடைப்பில் இறந்துபோன கணிதப் பேராசிரியர் அங்கே இன்னும் துறைத்தலைவர். அவன் இன்னும் முழு அதிகாரத்தோடு இருந்தான். அந்தப் பெண் இன்னும் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் கரண்ட் போயிற்று.

நான்கு தறிகளும் ஒன்றாக நின்றன. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. யூ.பி.எஸ். மட்டும் விட்டு விட்டுக் கீச்சிட்டது. அந்தக் கீச்சலுக்கு நடுவில், வெளியே இரும்புப் படியில் செருப்புச் சத்தம் ஏறி வருவது கேட்டது. அவசரமில்லாத நடை.

கதவில் வந்து நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். மற்றபடி அதே கண்ணாடி, அதே இஸ்திரி போட்ட சட்டை.

"வாங்க மேடம். பஸ்லயா வந்தீங்க? வெயில்ல."

"நீங்க எப்படி இங்க?"

"பதினோரு மணிக்கு வரேன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க."

அவன் தோள்பையைக் கழற்றி ஒரு பெஞ்சின் மேல் வைத்தான்.

"அம்மாவுக்கு இந்த வாரம் ஆபரேஷன் இல்ல? வலது கண்ணுதான? தங்கச்சி பெங்களூர்ல இருந்து வரலன்னு வருத்தப்பட்டிருந்தீங்களே."

அவன் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே விசாரிப்பது போலத்தான் கேட்டான். எட்டு மாதம் நான் எழுதிய ஒவ்வொன்றையும் இவன் படித்திருக்கிறான். ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தப் பெண் அன்று என் அறையில் ஏன் உட்காராமல் நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"வேணாம் மேடம். நீங்க அப்கிரேட முடிங்க. முடிஞ்சதும் இத நானே தூக்கிப் போட்டுடறேன். அதுக்கப்புறம் இது எனக்குத் தேவைப்படாது. உங்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அவன் பின்னால் கையை நீட்டிக் கதவை மெதுவாகச் சாத்தினான். ஜன்னலில் அட்டை. திரையின் வெளிச்சம் மட்டும்தான். ஓர் அடி முன்னால் வந்தான். அவன் என்ன செய்ய நினைத்தான் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஒருவேளை சும்மா பேசத்தான் வந்தானோ என்னவோ. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. "அக்கா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

தறி ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்தச் சத்தம் படி தாண்டியிருக்காது. கீழே இருந்து உடனே பதில் வந்தது.

"இன்னா மேடம்? இன்னா ஆச்சி?"

"மேல வாங்கக்கா! எல்லாரும் வாங்க!"

படி அதிர ஆட்கள் ஏறி வந்தார்கள். வீட்டுக்கார அம்மாதான் முதலில். அவர் பின்னால் தறியில் இருந்த இரண்டு பேர். கதவைத் தள்ளித் திறந்ததும் அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"ஒண்ணும் இல்லக்கா. மெஷின பாத்துகினு இருக்கோம்."

"இவரு எங்க காலேஜ் இல்லக்கா," என்றேன். "ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடியே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. பொம்பளப் பசங்க லெட்டர படிச்சதுக்காக அனுப்பிட்டாங்க."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஞாயித்துக்கெழம ஆனா எம் பசங்களுக்கு பிஸ்கட்டு வாங்கியாந்து குடுத்துட்டு, இங்க உக்காந்துகினு இன்னாடா பண்ணே?"

அதுவரை அவனை மரியாதையாகவே பேசிவந்தவர். அவன் பையை எடுத்துக்கொண்டான். தறிக்காரர் ஒருவர் வழியை மறித்தார். அவரைத் தொடாமல் விலகி, படியிறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஓடக்கூட இல்லை. அவனைப் பிடித்துவைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆன்டெனா வயரைப் பிடுங்கினோம். சர்வரை நிறுத்தி, பிரின்டர், கவர் எல்லாவற்றையும் ஓர் ஆட்டோவில் ஏற்றினோம். அந்த அம்மா தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். கல்லூரி போகும்வரை சர்வரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தான மேடம் சாவி குடுத்தேன். கேக்கவே இல்லயே. சாருன்னு சொன்னா குடுத்துடறதா?"

அடுத்த இரண்டு நாள், மூன்று சர்வர்களிலும் இருந்த ஒவ்வொரு பெயரையும் அலுவலகப் பதிவேட்டோடு வைத்துத் திரும்பவும் சரிபார்த்தோம். நான் வாசிக்க, அலுவலக உதவியாளர் டிக் போட்டார். நான்காவது சர்வரின் பெயரை எல்லா இடத்திலிருந்தும் முறையாக நீக்கினேன். பழைய நகல்களிலிருந்து எதையும் வாங்காதபடி கட்டுப்பாட்டை இறுக்கினேன். எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தேன். இத்தனைக்கும் பிறகு அப்கிரேட் ஒரே நாளில் முடிந்தது. சென்னைப் பொறியாளர் சொன்னது அந்த அளவில் சரிதான். செயலாளர் அட்மிஷன் வேலைக்குத் திரும்பினார். போலீஸ் என்ற பேச்சை எடுத்தபோது, "காலேஜ் பேரு இன்னாத்துக்கு ஆவுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் எழுப்பியது இரண்டே இரண்டு பெயர்தான். தன் பெயரை எதற்கு எழுப்பினான் என்று தெரியும். அவளுடையதை எதற்கு? அவள் பெயரைத்தான் அழித்திருந்தேன்; அவள் மெயில் பெட்டி பழைய இடத்திலேயே பூட்டிக் கிடந்தது. பெயரை எழுப்பியதும் பூட்டு திறந்துகொண்டது. அதுவரை புரிந்தது. திறந்து என்ன செய்தான்?

அலுவலகத்தில் பழைய விண்ணப்பத்தைத் தேடி அவள் வீட்டு நம்பரை எடுத்துப் போன் செய்தேன். அவளே எடுத்தாள். யாரென்று சொன்னேன். நடந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"தெரியும் மேடம்."

"என்னம்மா தெரியும்?"

"லெட்டர் வருது மேடம். மாசத்துக்கு ரெண்டு. கவர் மேல காலேஜ் சீல் இருக்கும். உள்ள நான் எங்க அக்காவுக்கு எழுதுன பழைய மெயில் அப்படியே பிரின்ட் போட்டிருக்கும். கீழ ஒரு வார்த்த எழுதியிருக்காது."

"எவ்ளோ நாளா?"

"ஏழு மாசம். அப்பா, காலேஜ்காரங்கதான் அனுப்புறாங்கன்னு நினைச்சிகினு இருக்காரு. இன்னும் ஏதோ ஃபைல்ல வெச்சிகினு மிரட்டறாங்கன்னு. அதான் யாருகிட்டயும் போவல." "நீங்களும்தான்னு நான் நினைச்சேன் மேடம்."

அவள் பேரை அழித்துவிட்டோம், சுத்தமாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த ஏழு மாதமும், அவள் தபால்காரரின் சைக்கிள் மணிக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

மறு வாரம் நாங்கள் ஆரணி காவல் நிலையத்துக்குப் போனோம். அவள், அவளுடைய அப்பா, நான், சேவூர் வீட்டுக்கார அம்மா. அவள் பதினான்கு கவர்களையும் ஒரு துணிப்பையில் எடுத்து வந்திருந்தாள். ஒன்றைக்கூடக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு டைரக்டரி, நகல் என்பதெல்லாம் விளங்கவில்லை. வீட்டுக்கார அம்மாதான் விளக்கினார். "பூட்டிப் போட்ட வூட்டுக்கு கள்ளச்சாவி போட்டுகினு எட்டு மாசம் பூந்திருக்கான் சார். அவ்ளோதான். எழுதுங்க." எழுதினார். சர்வரையும் கவர்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் வேலூரில் அவனைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்தான். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக வருடக்கணக்கில் நடந்தது. கல்லூரியில் என்னிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை, பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் தபால்வழியில் பட்டப்படிப்பை முடித்தாள். அவனுக்குச் சிறுதண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்தான் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது.

சாட்சி சொல்ல இரண்டாவது முறை போன அன்று, கோர்ட் வராந்தாவில் அவளும் நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் எதிர்ப்பக்கத்தில் வக்கீலோடு நின்றிருந்தான். எங்கள் பக்கம் பார்த்து, தெரிந்தவர்களைப் பார்த்தால் தலையசைப்பது போல அசைத்தான். அவள் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், அது ஒண்ணுதான? வேற எங்கயும் காப்பி வெச்சிருக்க மாட்டான் இல்ல?"

சர்வர்களை எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதன் தன் வீட்டில், தன் பையில் என்ன வைத்திருக்கிறான் என்று சோதிக்க எந்தக் கட்டளையும் கிடையாது. எட்டு மாதம் தனியாக உட்கார்ந்திருந்தவன், ஒரு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

"இல்லம்மா," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.